வீட்டுக்கு மார்க்குப் போட ஆள் வருது, மருமகனே

மருமகனே, நீ போன்ல சொன்னதைப் பாதி கேட்டுட்டு, உனக்கு ஈ.பி.எஃப். காசு வந்துருச்சுன்னு உங்க அத்தை லயம் முழுக்கச் சொல்லிட்டு வந்துட்டா. அது ஈ.பி.எஃப். இல்லடி, ஈ.பி.சி., காசு வர்ற சங்கதி இல்ல, போற சங்கதின்னு நான் ஒவ்வொரு இஸ்தோப்பா ஏறி எறங்கித் திருத்த வேண்டியதாப் போச்சு. இப்ப எல்லாரும் என்னையப் புடிச்சுக்கிட்டாங்க. லண்டன்ல, ஹரோவுல, ஒரு வீட்டை வாடகைக்கு விடணும்னா அந்த வீடு பரீட்சை பாஸ் பண்ணணுமாமே, மெய்யான்னு.

மெய்தான்னேன். நீ ஓ.எல். மூணாந்தடவை எழுதின கதையையும் எடுத்து விட்டு, வீடாவது முதல் தடவையில பாஸாகட்டும்னேன். கோவிச்சுக்காத. மருமகனை மாமன் கேலி பண்ணாம வேற யாரு பண்ணுவா?

வீட்டுல சூடு எவ்வளவு நிக்குது, எவ்வளவு வெளிய போகுதுன்னு சொல்ற அந்த ஈ.பி.சி. சேர்டிபிகேட்டுக்கு, நீ யோசனை கேட்ட எடம்தான் வேடிக்கை. வலப்பனையில, இராகலைக்கு மேல, தகரத்துக்கு அடியில படுத்து எந்திரிக்கிறவன் நான். நம்ம காம்பராவுல சூடு உள்ள வந்தாத்தானே வெளிய போறதுக்கு. ஆனாலும் கேட்டுட்ட. பேத்தி போன்ல தேடித் தேடி வாசிச்சா, நான் சுருட்டைப் பத்த வச்சுக்கிட்டுக் கேட்டேன். அவளுக்கு வெளங்காத எடம் எனக்கு வெளங்குச்சு, எனக்கு வெளங்காத எடத்தை ரெண்டு பேரும் தாண்டிப் போயிட்டோம்.

முதல்ல, யாருக்கும் காசு குடுத்துடாத. அந்தத் தாள் ஒருக்கா எடுத்தா 10 வருசம் செல்லும். உனக்கு வீட்டை வித்தவன் விக்கிறப்பவே எடுத்திருப்பான், ஏன்னா அது இல்லாம அங்க வீட்டை விக்கவும் ஏலாது, வாடகைக்கு விடவும் ஏலாது. அரசாங்கப் பதிவேடு இன்டர்நெட்ல எல்லாருக்கும் தொறந்தே கெடக்கு. தபால் இலக்கத்தைத் தட்டினா தெரு முழுக்க வந்து நிக்கும். காலம் முடியலைன்னா அதையே வச்சு விடலாம், வாடகை விளம்பரத்துல அதுல இருக்கிற கிரேடு எழுத்தைப் போட்டா சரி. முடிஞ்சிருந்தா பழைய தாளை நல்லா வாசி. எதுல மார்க்கு கொறைஞ்சுச்சு, எதைச் செஞ்சா எவ்வளவு ஏறும்னு அதுலயே வரிசையா எழுதியிருக்கும். பரீட்சைக்கு முன்னாடியே விடைத்தாளைக் கையில குடுக்கிற ஊரு அது. உனக்கு ஓ.எல்.லுல கெடைக்காத வசதி.

தெரு முழுக்கத் தெரியும்னா உன் சகலை வீடும் தெரியும்தானே? அவரு வீட்டுக்கு என்ன எழுத்துன்னு பாத்துட்டுத்தான் நீ எனக்குப் போன் எடுத்தன்னு பேத்தி அடிச்சுச் சொல்றா. நான் நம்பல. ஆனா நம்பாமலும் இல்ல.

எழுத்து ஏழு. ஏ-ல தொடங்கி ஜீ-ல முடியுது. 92 புள்ளியும் அதுக்கு மேலயும் ஏ. 69 தொட்டா சி. 55 தொட்டா டி. 39 தொட்டா ஈ. 20ம் அதுக்குக் கீழயும் ஜீ. அதுல வாடகைக்கு விடுறவனுக்குச் சட்டம் என்னன்னா, ஈ-க்குக் கீழ உள்ள வீட்டை விடக் கூடாது. 2018 ஏப்ரல்ல புது வாடகைக்கு வந்துச்சு, 2020 ஏப்ரல்ல ஏற்கெனவே குடியிருக்கிற வீட்டுக்கும் வந்துருச்சு. மீறினா 5,000 பவுண் வரைக்கும் தண்டம். ஈ-க்கு ஏத்த 3,500 பவுண் வரைக்கும் செலவழிச்சுப் பாத்தும் ஏறலைன்னா விலக்குப் பதிஞ்சுக்கலாமாம். இதைக் கேட்டதும் உனக்கு மனசு விலக்குப் பக்கம் ஓடும்னு எனக்குத் தெரியும். ஓட விடாத. 2030க்குள்ள வாடகை வீடெல்லாம் சி-க்கு வரணும்னு அந்த அரசாங்கம் சொல்லிக்கிட்டு இருக்கு.

இதெல்லாம் ஐரோப்பாக்காரங்க 2002ல போட்ட உத்தரவுல தொடங்கின கதை. வெள்ளைக்காரன் 2007ல விக்கிற வீட்டுக்குக் கொண்டு வந்தான், அடுத்த வருசம் வாடகை வீட்டுக்கும் நீட்டினான். பிறகு ஐரோப்பாவை விட்டுட்டு வெளிய வந்தான், தாளை மட்டும் விடல. இந்தியாவுல வீட்டுக்கும் நட்சத்திரம் குடுக்கத் தொடங்கிட்டாங்க. நம்ம நாட்டுலயும் 2007ல நிலைபெறுதகு வலு அதிகாரசபைன்னு ஒண்ணு வந்துச்சு. பல்பு, காத்தாடி, பிரிட்ஜ் இதுக்கெல்லாம் நட்சத்திரம் ஒட்டுறாங்க. லயத்துக் காம்பராவுக்கு இன்னும் யாரும் நட்சத்திரம் ஒட்டல. கூரையில ஓட்டை வழியாத் தெரியுற நட்சத்திரமே போதும்னு விட்டுருப்பாங்க.

இனி, ஆள் வந்தா என்ன செய்வான்னு கேளு. அனுமதி வாங்கின ஆளாத்தான் இருக்கணும், அவன் பேரும் அந்தப் பதிவேட்டுலயே இருக்கும். கட்டணம் அரசாங்கம் போட்டது இல்ல, அதனால ரெண்டு மூணு பேருகிட்ட வெல கேளு. நீ தக்காளிக்கே நாலு கடை ஏறி எறங்குறவன், இதைச் சொல்லித் தர வேணாம். வர்றவன் ஒரு மணி நேரம் போல இருப்பான். சுவரை ஒடைக்க மாட்டான், பலகையைக் கழட்ட மாட்டான். கண்ணால பாத்து, டேப்பால அளந்து, போன்ல படம் புடிச்சுக்குவான்.

வாசல்ல நின்னு முதல்ல செங்கல்லைத்தான் பாப்பான். செங்கல்லு எல்லாம் முழு நீளமாவே வரிசை வரிசையாத் தெரிஞ்சா, அனேகமா அது ரெட்டைச் சுவரு, நடுவுல காலி எடம் இருக்கும். இடையில இடையில செங்கல்லோட குட்டை முகம் தெரிஞ்சா ஒத்தச் சுவரு, ஏறக்குறைய 9 அங்குலத் தடிப்பு, உள்ள எதையும் அடைக்க எடமில்லாத சுவரு. ரெட்டைச் சுவருன்னா அடுத்ததா, சாந்துல சின்னச் சின்னதாத் துளை போட்டு அடைச்ச அடையாளம் இருக்கான்னு தேடுவான். இருந்தா நடுவுல பஞ்சு அடிச்சிருக்குன்னு அர்த்தம். ஜன்னல்ல ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல ஓடுற வெள்ளித் தகட்டுல சில நேரம் வருசம் குத்தியிருக்கும், அதையும் குனிஞ்சு பாப்பான். 2025 ஜூன்ல இருந்து ஜன்னல் ஒவ்வொண்ணையும் அளக்கவே செய்யுறாங்களாம். பொயிலரோட மாடல் நம்பர், சுடுதண்ணித் தாங்கிக்குச் சட்டை போட்டிருக்கா, ரேடியேட்டர்ல சூடு கூட்டிக் கொறைக்கிற திருகு இருக்கா, பல்பு எத்தினை எல்.ஈ.டி., பொகைக்கூண்டு தொறந்து கெடக்கா, எல்லாம் குறிப்பான்.

அப்புறம் லொப்ட்டுக்கு ஏறுவான். அங்கதான் மருமகனே உன் கதை கந்தல். போன தடவை வீடியோவுல காட்டினியே அந்த லொப்ட்டு, எனக்கு மறக்கல. மூடியைத் தூக்க விடாம ரெண்டு சூட்கேஸ். அதுக்குப் பின்னாடி உன் பொஞ்சாதி ஊருக்கு அனுப்புறேன், அனுப்புறேன்னு சேத்து வச்ச துணி மூட்டை. கலியாணத்துக்கு வந்த பித்தளைக் குத்துவிளக்குப் பெட்டி. ஒடைஞ்ச இடியப்ப உரல். காலியான அரிசிச் சாக்கு, மடிச்சு, கயித்தால கட்டி. இது எல்லாத்துக்கும் அடியில மஞ்சப் பஞ்சு விரிச்சிருக்கு, ஆனா பாரம் அழுத்தி அப்பளமாக் கெடக்கு. அந்தப் பஞ்சு 270 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 11 அங்குலம், உப்பலா இருக்கணும்கிறாங்க. வர்றவன் டேப்பைச் செருகி அளப்பான். மூடியே தொறக்கலைன்னா அளக்க மாட்டான். அளக்கலைன்னா, இந்த வீடு கட்டின காலத்துல பஞ்சு இருந்திருக்காதுன்னு அவனே எழுதிக்குவான். ஹரோ வீடெல்லாம் பாதி 1920, 30ல கட்டினது. அப்ப யாரு பஞ்சு விரிச்சா?

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, கவனமாக் கேளு. கண்ணுக்குத் தெரியாததுக்கும் தாள்ல இல்லாததுக்கும் மார்க்குக் கெடையாது. சுவருக்குள்ள பஞ்சு அடிச்சேன், தரைக்கு அடியில போட்டேன்னு நீ வாயால சத்தியம் பண்ணினாலும் எடுபடாது. பில்லு, உத்தரவாதத் தாள், அடிச்சப்ப எடுத்த படம் வேணும். கூடையில கொழுந்து இருந்தும் நிறுவை நேரத்துக்கு வராட்டி அரப்பேருன்னு அரைநாள் சம்பளம் போடுவாங்களே, அதே கணக்குத்தான். உங்க அம்மாவைக் கேளு, என் தங்கச்சி எத்தினை அரப்பேரு வாங்கி உன்னையப் படிக்க வச்சான்னு சொல்லுவா. அவ மகன் நீ, பில்லைத் தூக்கி எறிஞ்சிருக்க மாட்டன்னு நம்புறேன். ஆனா எந்த டிராயர்ல இருக்குன்னு உனக்கே தெரியாது, அதையும் நம்புறேன்.

எதுக்கு மார்க்கு இல்லைன்னும் சொல்லிடுறேன், ஏன்னா உன் வீட்டுல செலவழிச்சது எல்லாம் அதுலதான். உன் பொஞ்சாதி கனமாத் தொங்க விட்ட திரைச்சீலைக்கு மார்க்கு இல்ல. கம்பளத்துக்கு இல்ல. நட்சத்திரம் ஒட்டின புது பிரிட்ஜுக்கு இல்ல. நீ ரெண்டு சுவெட்டரும் குல்லாவும் போட்டுக்கிட்டு ஹீட்டரைப் போடாம மிச்சம் புடிக்கிறியே, அந்தத் தவத்துக்கும் இல்ல. ஏன்னா அவங்க உன்னையப் பாக்குறதில்ல, வீட்டை மட்டும் பாக்குறாங்க. யாரு இருந்தாலும் இருக்கிற சாலை 21 பாகைச் சூட்டுலயும் மத்த ரூமை 18லயும் வச்சிருப்பாங்கன்னு ஒரு கணக்கு வச்சுக்கிட்டு, அதுக்கு என்ன செலவாகும்னு பாக்குறாங்க. வீட்டுல எத்தினை பேருங்கிறதைக் கூட உன்னையக் கேக்காம வீட்டு அளவை வச்சே போட்டுக்குவாங்க.

21 பாகை! பேத்தி வாசிச்சதும் உங்க அத்தை சிரிச்ச சிரிப்புல தேத்தண்ணி மூக்கால வந்துருச்சு. ஜனவரியில நுவரெலியாப் பக்கம் விடியக்காலம் புல்லு மேல பனி வெள்ளையா உறைஞ்சு கெடக்கும். அந்தக் குளிர்ல பெரட்டுக்குப் போனவ அவ. அவ கணக்குல 21 பாகைங்கிறது அடுப்புக்கு முன்னாடி குந்தியிருக்கிற எடம் மட்டும்தான், அதுவும் முன்பக்கம். முதுகுப் பக்கம் எப்பவும் ஜீ.

செலவைப் பாத்துத்தான் புள்ளி போடுறாங்கங்கிறதுல இன்னொரு பொறி இருக்கு. கரண்ட் யூனிட்டு அங்க கேஸ் யூனிட்டை விடப் பல மடங்கு வெல. மேல் மாடி ரூமுல பொயிலர் குழாயை நீட்டச் சோம்பல்பட்டு, சுவர்ல கரண்ட் ஹீட்டர் மாட்டி வச்சிருக்கியே, அது புள்ளியை உருவிக்கிட்டுப் போயிடும். முதல்ல அதைப் பாரு. பல்பை மாத்து, தாங்கிக்குச் சட்டை போடு, எரிக்காத பொகைக்கூண்டை முறையா அடை, லொப்ட்டுல பஞ்சைக் கூட்டு. இந்த நாலும் பெரிய செலவில்ல. சுவருக்குப் பஞ்சு அடிக்கிறதும் பொயிலர் மாத்துறதும் அடுத்த கட்டம். எல்லாத்தையும் இறுக்கி அடைச்சுட்டுக் காத்துப் போற துவாரத்தையும் துணி வச்சு அடைச்சுடாத. நம்ம ஆளுங்க பழக்கம் அது. உள்ள ரசம் கொதிக்கும், ரேடியேட்டர் மேல ஈரத்துணி காயும், மூணு மாசத்துல மூலையெல்லாம் கருப்பாப் பூஞ்சணம் ஏறிடும். அப்புறம் வாடகைக்கு இருக்கிறவன் பிள்ளைக்கு இருமல்.

கரண்ட் செலவழிக்காட்டியே நல்ல வீடுதானே மாமான்னு நீ கேப்ப. கேட்டிருக்க. அப்பிடிப் பாத்தா 2022 மார்ச் கடைசியில இந்த நாட்டுல ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்ல. அன்னைக்கு இலங்கை முழுக்க ஏ கிரேட் வீடுதான். இருட்டுல இருக்கிறது வேற, நல்ல வீட்டுல இருக்கிறது வேற. பாரு, வலப்பனைக்குக் கீழ ரந்தெனிகலையில மகாவலியைத் தேக்கி கரண்ட் எடுக்குறாங்க. தண்ணி நம்ம மலையில இருந்து போகுது. பில்லு மட்டும் திரும்பி ஏறி வருது.

எனக்கு உண்மையில ஆச்சரியம் தந்தது ஒரு சங்கதிதான். தனியா நாலு சுவரும் வெளிய தெரியுற வீட்டை விட, வரிசையில நடுவுல மாட்டிக்கிட்ட வீட்டுக்குப் புள்ளி கூட வருமாம். ரெண்டு பக்கமும் அடுத்தவன் வீட்டுச் சூடு தாங்குது, வெளிச்சுவரு கம்மி. பேத்தி இதை வாசிச்சதும் நான் சுருட்டைக் கீழ வச்சுட்டேன். அப்ப நம்ம லயம்? அதுவும் இரட்டை லயம், முதுகோட முதுகு ஒட்டினது, 10க்கு 12 அடிக் காம்பரா, இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன், பின்னால ஒருத்தன். பின் காம்பராவுல அடுப்பு மூட்டினா நம்ம சுவரு சுடும், அவங்க என்ன சமைக்கிறாங்கன்னு சுவரைத் தொட்டே சொல்லிடலாம். வெள்ளைக்காரத் துரைமாரு நூறு வருசத்துக்கு முன்னாடியே நமக்குச் சூடு காக்கிற வீட்டைக் கட்டிக் குடுத்துட்டாங்க பாத்தியா! சுவர்ல காசு மிச்சம் புடிக்கக் கட்டினாங்கன்னு இத்தினை நாளாத் தப்பாப் பேசிட்டோம்.

ஆனா மேல தகரம். ஒரு பஞ்சு இல்ல, ஒரு தட்டு இல்ல. மூணு பக்கம் காத்த சூட்டை நாலாம் பக்கமா ஆகாசத்துக்கு அனுப்பிடும். மழை பேஞ்சா பக்கத்துல இருக்கிறவ பேசுறது கேக்காது, கலியாணம் நெலைச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். விறகுப் பொகை போகப் பொகைக்கூண்டும் இல்லாம கைமரம் கரியாக் கெடக்கு. அந்த ஆள் இங்க வந்தா ஜீ-க்குக் கீழ ஒரு எழுத்து தேடணும். இப்ப தனி வீடு குடுக்குறாங்க. இந்தியா கட்டித் தர்ற வீடு 550 சதுர அடி. உங்க சித்தி வீடு அப்பிடித்தான். நாலு பக்கமும் காத்து, குளிருதுன்னு முணுமுணுக்குறா. திரும்ப லயத்துக்கு வர்றியான்னு கேட்டேன். செருப்பைத் தேடினா.

இங்கயும் வீட்டுக்குத் தாள் உண்டு மருமகனே, எல்லாம் உங்க ஊருக்குத்தான்னு நெனச்சுடாத. மலையில வீடு கட்டணும்னா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கிட்ட அறிக்கை வாங்கணும், இந்த எடம் சரியாதுன்னு. உங்க தாள்ல பச்சைல தொடங்கி சிவப்புல முடியுதாமே. எங்க எச்சரிக்கையிலயும் நிறம்தான், மஞ்சள், அம்பர், சிவப்பு. உங்க சிவப்புக்கு லைட் பில்லு கூட வரும். எங்க சிவப்புக்குப் பாயைச் சுருட்டிக்கிட்டு ராவோட ராவா பள்ளிக்கூடத்துக்குப் போகணும். 2007 ஜனவரியில வலப்பனை, ஹங்குராங்கெத்தப் பக்கம் மலை எறங்கினது உனக்கு ஞாபகம் இருக்கும். 2025 நவம்பர்ல டிட்வா புயலுக்கு மறுபடி எறங்குச்சு. அந்த லயமெல்லாம் எந்தத் தாளும் இல்லாம, யாரையும் கேக்காம, சரிவுல கட்டினது. அதனால வீட்டுக்கு ஒரு தாள் கேக்குறானேன்னு நீ சலிச்சுக்கிட்டப்ப எனக்குச் சிரிப்பு வரல. கேக்க ஒரு ஆள் இருக்கிறதே பெரிசு.

கடைசியா ஒண்ணு, இதுல கேலி இல்ல. தாள் உன் பேருக்கு, பில்லு குடியிருக்கிறவன் பேருக்கு. 39 புள்ளி வந்துருச்சு, சட்டத்துக்கு அது போதும்னு நீ நிறுத்திட்டா, ராத்திரி ஹீட்டரைப் போடவா வேணாமான்னு யோசிக்கிறவன் அவன். கேஸுக்குக் காசு கட்டுறவனும் அவன். அவன் இப்பத்தான் விசா எடுத்து வந்த நம்ம பையனாவும் இருப்பான், பராமரிப்பு வேலைக்கு ராத்திரி ஷிப்டு போயிட்டு விடியக் குளிர்ல வருவான். நீயும் அப்பிடி வந்து ஒரு பூஞ்சண ரூமுல இருமிக்கிட்டுக் கெடந்தவன்தானே. வந்த புதுசுல போன்ல நீ அழுதது உங்க அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சி-க்கு எத்தினை புள்ளி தேவையோ அதுக்குச் செலவு போடு. சகலையை முந்தணும்னு போட்டாலும் சரி, காரணம் எனக்கு முக்கியமில்ல.

வர்ற ஞாயித்துக்கிழமை லொப்ட்டுச் சாமானை எறக்கு, பில்லையெல்லாம் ஒரு பைல்ல போடு, அப்புறம் ஆளைக் கூப்பிடு. அந்தத் துணி மூட்டையை இந்தத் தடவையாவது ஊருக்கு அனுப்பு. எல்லாம் முடிஞ்சு கையில காசு மிஞ்சினா, உங்க அத்தை காம்பராவுக்குத் தகரம் 8 சீட்டும் ஆணி ரெண்டு கிலோவும் வேணும். அதுக்குச் சேர்டிபிகேட்டு ஒண்ணும் கேக்க மாட்டோம்.